இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மூலக்கூறு: ஒளியும் அதிர்வும் இணைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அதிர்வெண் ஒளி ஒரு பொருளை எவ்வளவு கடக்கிறது என்று வரைந்து காட்டும் அகச்சிவப்பு நிறமாலைமானியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் நான். ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் கொடிக்கயிற்றுக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பின்னால் பல இடங்களில் அது தேவைப்படும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள், இது என்ன விஷயம்?

முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு கண்ணாடிகளைச் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு திரவத்தையோ பிளாஸ்டிக் படலத்தையோ வைக்கிறோம். அந்த இடைவெளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டுமே நிலையாக நிற்கும். அப்படி நிற்கும் ஒளியின் அதிர்வெண்ணும், உள்ளே இருக்கும் மூலக்கூறு அதிரும் அதிர்வெண்ணும் ஒன்றாக அமைந்துவிட்டால், இரண்டும் தனித்தனியாக இருப்பதை நிறுத்திவிடுகின்றன. பாதி ஒளி, பாதி அதிர்வு என்று இரண்டு புதிய கலப்பு நிலைகள் பிறக்கின்றன. அவற்றுக்குப் போலாரிட்டான் என்று பெயர்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. அணுக்களுக்கு இடையே இருப்பதைப் 'பிணைப்பு' என்கிறோம். ஒளிக்கும் அதிர்வுக்கும் நடுவே நடப்பதையும் அதே சொல்லால் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதை 'இணைவு' என்றே எழுதுகிறேன். கண்ணாடிக் கூட்டைக் கேவிட்டி என்றே விட்டுவிடுகிறேன், ஆய்வகத்தில் யாரும் 'ஒளிக்குழி' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மூலக்கூறு அதிர்வு என்றால் எவ்வளவு வேகம்?

தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை பாலிவினைல் அசிட்டேட். அதில் ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கின்றன. அந்தப் பிணைப்பு சுருள்கம்பி போல நீண்டு சுருங்குகிறது, நொடிக்குச் சுமார் 52 லட்சம் கோடி தடவை. அந்த அதிர்வெண்ணுக்குரிய ஒளியின் அலைநீளம் 5.75 மைக்ரோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

இந்தத் துறையில் யாரும் லட்சம் கோடியில் பேசுவதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்று எண்ணி, அதையே அளவாக வைத்துக்கொள்கிறோம். மேலே சொன்ன பிணைப்பு அந்தக் கணக்கில் 1740 செ.மீ⁻¹. இனி வரும் எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்.

கேவிட்டியில் அப்படி என்ன விசேஷம்?

இரண்டு சுவர்களுக்கு நடுவே கட்டிய கம்பி சில சுரங்களை மட்டுமே தரும் அல்லவா, அதே கதைதான். அரை அலைநீளம் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ சரியாக இடைவெளிக்குள் பொருந்த வேண்டும். இரண்டு கண்ணாடிகளை இணையாக வைக்கும் இந்த அமைப்பை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் மார்செய் நகரில் சார்ல் ஃபாப்ரியும் ஆல்பிரட் பெரோவும் உருவாக்கினார்கள். இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது.

பசையின் 1740-க்கு அரை அலை ஒன்று மட்டும் பொருந்த வேண்டுமானால், ஒளிவிலகல் எண்ணையும் கணக்கில் எடுத்தால், கண்ணாடிகளுக்கு நடுவே சுமார் 2 மைக்ரோமீட்டர்தான் இருக்க வேண்டும்.

சரி, இரண்டும் ஒத்துப்போனால் ஏன் பிரிய வேண்டும்? சேர்ந்து ஒன்றாகத்தானே ஆக வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மொட்டை மாடிக்குப் போங்கள். கொஞ்சம் தொய்வாக இருக்கும் கொடிக்கயிற்றில், ஓரடி தள்ளி இரண்டு தண்ணீர் பாட்டில்களை ஒரே நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றை மட்டும், கொடிக்குக் குறுக்காக, ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் அது தானாக நின்றுவிடும், இத்தனை நேரம் சும்மா இருந்த மற்றது ஆடத் தொடங்கும். அப்புறம் மறுபடி முதல் பாட்டிலுக்கே ஆட்டம் திரும்பும். கயிற்றின் நீளத்தைச் சற்று மாற்றிக் கட்டினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அரைகுறையாகிவிடும்.

இப்போது இரண்டையும் ஒரே பக்கமாக ஒரே நேரத்தில் ஆட்டுங்கள். கொடியும் கூடவே ஆடும். ஊசலின் நீளம் கூடியதுபோல் ஆகி, ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும். எதிரெதிராக ஆட்டினால் கொடி அவ்வளவாக நகராது, ஆட்டம் சற்று வேகமாகும். ஆக, ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு ஊசல்களைக் கட்டியதும் மெதுவான ஆட்டம் ஒன்று, வேகமான ஆட்டம் ஒன்று என இரண்டு கிடைத்துவிட்டன. இனி 'முதல் பாட்டிலின் அதிர்வெண்' என்று தனியாக ஒன்று கிடையாது.

ஒரு பாட்டிலை ஒளி என்றும் இன்னொன்றை மூலக்கூறு என்றும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. நிறமாலையில் 1740-இல் இருக்க வேண்டிய ஒற்றை முகடு, அதற்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டாகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ராபி பிளவு என்கிறோம். பசைப் படலத்தில் அது 167 செ.மீ⁻¹ என்று 2015-இல் அளந்தார்கள். அப்படியென்றால் ஒளிக்கும் அதிர்வுக்கும் நடுவே ஆற்றல் போய்த் திரும்ப ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

எப்போது 'வலுவான' இணைவு என்கிறீர்கள்?

அதே பாட்டில்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஆட்டம் அடுத்த பாட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே செத்துவிடும். கேவிட்டியில் ஒளி கண்ணாடி வழியாகக் கசிகிறது, மூலக்கூறின் அதிர்வு அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதித் தணிகிறது. இந்த இரண்டு இழப்புகளையும் முந்திக்கொண்டு ஆற்றல் ஒருமுறையாவது போய்வர வேண்டும். நிறமாலையில் பார்த்தால், பிளவு இரண்டு முகடுகளின் அகலத்தையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். அதுதான் வலுவான இணைவு.

பிளவின் பாதி, அடிப்படை அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் 'அதிவலு' என்று இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பில் அது எளிதாகவே வரும். தண்ணீர் அகச்சிவப்பை அவ்வளவு ஆவேசமாக உறிஞ்சும், தவிர ஒரு லிட்டரில் 55 மோல் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

மூலக்கூறு எண்ணிக்கை கூடினால் இணைவு கூடுமா?

கூடும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில். செறிவை நான்கு மடங்காக்கினால் பிளவு இரண்டு மடங்காகும். புதிதாகச் செய்யும் எவரும் முதலில் போட வேண்டிய சோதனை இதுதான்: செறிவை மாற்றி அளந்து, வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். வரவில்லை என்றால் வேறெங்கோ தவறு.

இதற்குள் ஒரு முள் இருக்கிறது. பிளவு என்பது கூட்டத்தின் சொத்து. கேவிட்டியின் ஒரு ஒளி நிலையோடு ஆயிரம் கோடி மூலக்கூறுகள் இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 160 செ.மீ⁻¹ பிளவில் ஒரு மூலக்கூறின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு செ.மீ⁻¹ மட்டுமே. கோயில் தேரை ஊரே சேர்ந்து இழுக்கிறது, தேர் நகர்கிறது, சரி. ஆனால் வடம் பிடித்த ஒருவர் கையில் எவ்வளவு இழுவை இருக்கும்? வேதிவினை நடப்பதோ ஒவ்வொரு மூலக்கூறாகத்தான். இந்த முள் பிறகு பெரிதாகக் குத்தும்.

லேசர் வேண்டுமா?

வேண்டாம். ஒரு விளக்கும் வேண்டாம். முழு இருட்டில், மூடிய பெட்டிக்குள் வைத்தாலும் இணைவு இருக்கும். ஏனென்றால் ஒரு ஃபோட்டான்கூட இல்லாத கேவிட்டியிலும் மின்புலம் சுத்தமாகப் பூஜ்யமாக இருக்காது. குவாண்டம் கணக்கில் ஒவ்வொரு ஒளி நிலைக்கும் குறைந்தபட்ச நடுக்கம் ஒன்று உண்டு. மூலக்கூறு இணைவது அந்த நடுக்கத்தோடு. நிறமாலைமானியின் விளக்கு, நடந்திருப்பதைப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

அப்படியென்றால் வெற்றிடத்திலிருந்து இலவசமாக ஆற்றல் எடுக்கலாமா?

முடியாது. இது குறைந்தபட்ச நிலை, அதற்குக் கீழே இறங்க இடமில்லை. 'வெற்றிட ஆற்றல்' என்று தலைப்புப் போட்டு வரும் காணொளிகளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முகடு பிளப்பதே குவாண்டம் விளைவுக்கு ஆதாரம்தானே?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கப் படலத்தின் ஒளிப் பண்புகளையும், திரவத்தின் உறிஞ்சல் வளைவையும் கொடுத்தால், பழைய பாணி அலை ஒளியியல் சமன்பாடுகளே பிளவை அச்சு அசலாகக் கொடுத்துவிடும். குவாண்டம் என்ற சொல்லே தேவைப்படாது. ஆகவே 'முகடு பிளந்துவிட்டது, குவாண்டம் வேதியியல் செய்துவிட்டேன்' என்று யாராவது வந்தால், முதல் பாதியை நம்புங்கள், இரண்டாம் பாதிக்குத் தனிச் சான்று கேளுங்கள்.

பெஞ்சில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

சாமான்கள் அதிகமில்லை. கால்சியம் ஃப்ளோரைடு, பேரியம் ஃப்ளோரைடு அல்லது துத்தநாக செலினைடில் செய்த இரண்டு ஜன்னல் வட்டுகள். சாதாரண ஜன்னல் கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் அது உதவாது. வட்டுகளின் உட்புறத்தில் 10 நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் படியவைக்கிறோம். அவ்வளவு மெல்லிய தங்கம் மஞ்சளாகத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையும் நீலமுமாகத் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் தங்கம்தானா என்று சந்தேகப்படுவார்கள். தங்கத்தின் மேல் திரவம் நேரடியாகப் படாமல் இருக்க ஒரு மெல்லிய காப்புப் படலமும் போடுவது வழக்கம். இல்லையென்றால் தங்கமே வினையில் கை வைத்துவிட்டதோ என்ற கேள்வி வரும்.

இரண்டு வட்டுகளுக்கு நடுவே 6 மைக்ரோமீட்டர் மைலார் பிளாஸ்டிக் தாளை வளையமாக வெட்டி வைத்து, நான்கு திருகுகள் உள்ள பிடிப்பானில் அடுக்கி, ஊசியால் திரவத்தை ஏற்றுகிறோம். 1.4 ஒளிவிலகல் எண் உள்ள திரவமானால், நிறமாலையில் ஏறக்குறைய 600 செ.மீ⁻¹-க்கு ஒரு முகடாக ஏணிப்படி போல வரிசையாக நிற்கும். அதில் ஒரு படியை, மூன்றாவதை என்று வைத்துக்கொள்வோம், நம் அதிர்வின் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கான கருவி திருகுதான்.

இங்கேதான் பொறுமை போகும். இடைவெளி பத்தில் ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே மூன்றாவது படி 30 செ.மீ⁻¹ இடம் மாறிவிடும். ஒரு தலைமுடியின் பருமனில் எழுநூறில் ஒரு பங்குதான் அந்த நகர்வு. ஒரு திருகை இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும், கண்ணாடிகள் இணையாக இல்லாமல் சாயும், முகடுகள் அகன்று குட்டையாகிவிடும். குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று முடுக்க வேண்டும். சரியாக வந்துவிட்டது என்று எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்தால், மைலார் தளர்ந்து படி வேறெங்கோ போயிருக்கும். என் முதல் மாதத்தில் நல்ல பிளவு கிடைத்துவிட்டதாகக் கொண்டாடிய ஒரு நிறமாலை, பெட்டிக்குள் இருந்த காற்றின் ஈரப்பதம் போட்ட கோலம். 1400 முதல் 1900 வரை நீராவியின் ஊசிக்கோடுகள் விரவிக் கிடக்கும். உலர் நைட்ரஜனைப் போதுமான நேரம் ஓடவிடாததன் பலன் அது.

இதையெல்லாம் முதலில் யார் செய்தார்கள்?

ஒளியும் அணுவும் கேவிட்டிக்குள் இப்படி இணைவதை 1980-களிலேயே பிரான்சில் செர்ஜ் ஹரோஷின் குழு மிகைக்குளிர்ச் சூழலில் காட்டியது. ஹரோஷுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1992-இல் அரைக்கடத்திகளில் வந்தது, 1998-இல் கரிம மூலக்கூறுகளில். ஆனால் அவையெல்லாம் எலெக்ட்ரான் தாவல்கள், மூலக்கூறு அதிர்வுகள் அல்ல.

அதிர்வோடு இணைத்தது 2015-இல். ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் எப்பெசனின் குழு மேலே சொன்ன பாலிவினைல் அசிட்டேட்டை எடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் லாங், சிம்ப்கின்ஸ் இருவரும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் தனியாகக் காட்டினார்கள். அதன் பிறகு திரவங்கள், வாயுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. பிரின்ஸ்டனில் மரிஸ்ஸா வைக்மனின் குழு மீத்தேன் வாயுவிலேயே செய்தது.

இதில் எந்தச் சர்ச்சையும் இல்லை. பிளவு நிஜம். உலகில் எந்த ஆய்வகத்தில் செய்தாலும் வரும்.

பின்னே சர்ச்சை எதில்?

வேதிவினையில். எப்பெசனின் குழு ஒரு பெரிய கேள்வியைக் கேட்டது: அதிர்வின் நிலையே மாறிவிட்டதென்றால், அந்த அதிர்வை நம்பி நடக்கும் வினையின் வேகமும் மாறாதா?

2016-இல் அனூப் தாமஸை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வந்தது. ஒரு எளிய ஆல்கைன் சிலேனில் சிலிக்கான்–கார்பன் பிணைப்பு அறுபடும் வினை அது. அந்தப் பிணைப்பின் அதிர்வோடு கேவிட்டியைச் சுருதி சேர்த்தபோது வினை 5.5 மடங்கு வரை மெதுவானது என்றார்கள். சுருதியை விலக்கினால் பழைய வேகம் திரும்பியது. விளைபொருளை வேறு முறையிலும் பகுத்துச் சரிபார்த்திருந்தார்கள். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் அடுத்த கட்டம்: ஒரே மூலக்கூறில் அறுபடக்கூடிய இடங்கள் இரண்டு, சிலிக்கான்–கார்பன் ஒன்று, சிலிக்கான்–ஆக்சிஜன் ஒன்று. கேவிட்டி இந்த இரண்டில் எது அதிகம் அறுபடும் என்ற சாய்வையே மாற்றியது. வினையூக்கி இல்லை, வெப்பம் இல்லை, ஒளி பாய்ச்சவில்லை. கண்ணாடியின் இடைவெளி மட்டும்தான் வித்தியாசம்.

வேதியியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் ஆச்சரியமில்லை.

மற்றவர்கள் செய்தபோதும் அப்படியே வந்ததா?

சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை.

2019-இல் மொஹாலியின் ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) ஸ்ட்ராஸ்பூரும் சேர்ந்து, எத்தில் அசிட்டேட் கரைப்பானின் அதிர்வோடு கேவிட்டியை இணைத்தால் பாரா-நைட்ரோபீனைல் அசிட்டேட் சிதையும் வேகம் பத்து மடங்கு அளவுக்கு உயர்கிறது என்று வெளியிட்டார்கள். 2021-இல் சான் டியாகோவில் வெய் ஷியோங்கின் குழு அதைத் திரும்பச் செய்து, குறிப்பிடும்படியான உயர்வு இல்லை என்று எழுதியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இன்னொரு குழு சயனேட் அயனியின் நீராற்பகுப்பை எடுத்துப் பார்த்து, முன்பு சொல்லப்பட்ட வேக உயர்வு கிடைக்கவில்லை என்றது. 2023-இல் வைக்மனின் குழு குளோரோஃபார்மிலிருந்து சயனோ உறுப்பு ஹைட்ரஜனைப் பறிக்கும் மிக வேகமான வினையைக் கேவிட்டிக்குள் அளந்தது, மாற்றம் இல்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், அதே 2023-இல் கடற்படை ஆய்வுக்கூடத்துக் குழு, சிலி நாட்டுக் கோட்பாட்டாளர்களோடு சேர்ந்து, 'சயின்ஸ்' இதழில் எதிர்த்திசையில் ஒரு முடிவை வெளியிட்டது. பீனைல் ஐசோசயனேட்டும் சைக்ளோஹெக்சனாலும் சேர்ந்து யூரித்தேன் ஆகும் வினை. மெத்தை நுரைக்குப் பின்னால் இருப்பதும் இதே வகை வினைதான். கேவிட்டி வினைபடுபொருளின் அதிர்வோடு ஒத்துப்போகும்போது வேகம் தெளிவாகக் குறைந்தது. ஸ்ட்ராஸ்பூரோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வகம் இப்படிக் காட்டியதுதான் இதன் முக்கியத்துவம்.

என் கருத்தைக் கேட்டால்: 'எல்லாம் பொய்' என்பவர்களும் அவசரப்படுகிறார்கள், 'புதிய வேதியியல் பிறந்துவிட்டது' என்பவர்களும் அவசரப்படுகிறார்கள். வினைக்கு வினை முடிவு வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அளவீட்டில் உள்ள ஓட்டைகளை அடைக்காமல் அதைச் சொல்ல முடியாது.

என்ன ஓட்டைகள்?

முதலாவது வெப்பநிலை. பல வினைகள் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். கேவிட்டியையும் அதற்கு ஒப்பிடும் தங்கமில்லாத கூட்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருந்தோமா? நிறமாலைமானியின் விளக்கே சற்றுச் சூடாக்கும்.

இரண்டாவது அளவு. 6 மைக்ரோமீட்டர் தடிமனும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் என்றால் உள்ளே இருக்கும் திரவம் 0.6 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் எண்பதில் ஒரு பங்கு. ஓரத்தில் கொஞ்சம் ஆவியானாலோ, மைலாரில் கொஞ்சம் ஊறினாலோ செறிவு மாறிவிடும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. கேவிட்டிக்குள் நிறமாலை திரிந்திருக்கிறது. வெளியே போல முகட்டின் உயரத்தைப் பார்த்து 'இவ்வளவு கரைந்தது' என்று சொல்ல முடியாது. வினை நடக்கும்போது ஒளிவிலகல் எண் மாறும், அதனால் ஏணியின் வேறொரு படி மெல்ல நகரும், அந்த நகர்வை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். கண்ணாடிகள் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இல்லை என்றால் இந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும்.

ஒளியால் நடக்கும் வினைகளில் இன்னொரு பொறி. அதிர்வு இணைவுக்கு முன்பே, 2012-இல், ஸ்ட்ராஸ்பூர்க் குழு ஸ்பைரோபைரான் என்ற நிறம் மாறும் மூலக்கூறில் எலெக்ட்ரான் இணைவால் வேகம் மாறுவதாகச் சொன்னது. இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி என்றே அதைச் சொல்வார்கள். 2024-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பில் பார்ன்ஸ் குழு அதே வகை அமைப்பை ஆராய்ந்து, கேவிட்டிக்குள் புற ஊதா ஒளி எங்கே எவ்வளவு சேர்கிறது என்பதை வைத்தே வேக மாற்றத்தை விளக்கிவிடலாம் என்று காட்டியது. போலாரிட்டான் வரை போக வேண்டியதே இல்லை.

கோட்பாடு என்ன சொல்கிறது?

திணறுகிறது. ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். பிளவு 167 என்றால் கீழ்நிலை இறங்குவது அதில் பாதி, 83 செ.மீ⁻¹. ஒரு மோலுக்கு 1 கிலோஜூல். வினை நடக்க மூலக்கூறு தாண்ட வேண்டிய ஆற்றல் தடுப்பின் உயரம் வழக்கமாகப் பல பத்துக் கிலோஜூல். அறை வெப்பநிலையின் ஆற்றலே 208 செ.மீ⁻¹. இறங்கிய 83 முழுவதையும் தடுப்பின் மேல் சுமத்தினாலும் வேகம் ஒன்றரை மடங்குதான் மாறும். 5.5 எங்கிருந்து வரும்?

தேர் வடத்துக்கு இப்போது திரும்புவோம். ஆயிரம் கோடி மூலக்கூறுகளும் ஒரு ஒளி நிலையும் சேர்ந்தால் கிடைக்கும் கலவைகளில் இரண்டு மட்டுமே போலாரிட்டான்கள். மீதி எல்லாம் 'இருள் நிலைகள்': ஒளியின் சாயல் இல்லாதவை, பழைய 1740-இலேயே உட்கார்ந்திருப்பவை. வெப்பச் சமநிலையில் ஒரு மூலக்கூறு எங்கே இருக்கும் என்று கேட்டால், எண்ணிக்கை பலத்தால் பதில் இருள் நிலை என்றுதான் வரும். அப்படியானால் வினைக்கு எதுவுமே தெரியக் கூடாது. 2020-இல் வெளியான கோட்பாட்டுக் கட்டுரைகள், தடுப்பின் உயரத்திலிருந்து வினையின் வேகத்தைக் கணக்கிடும் நிலைமாற்றக் கோட்பாட்டை அப்படியே போட்டால் சுருதி சேர்ந்த இடத்தில் தனி விளைவு எதுவும் வராது என்று காட்டின.

பிறகு வந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். கேவிட்டியை ஒரு உராய்வு போல, அதாவது தடுப்பைத் தாண்டும் மூலக்கூறுக்கு ஆற்றலைத் தரவும் பிடுங்கவும் செய்யும் துணையாகக் கணக்கிட்டார்கள். ஒற்றை மூலக்கூறுக்கு இணைவு பெரிதாக இருப்பதாக எடுத்துக்கொண்டால் சுருதி சேர்ந்த இடத்தில் கூர்மையான விளைவு வருகிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளுக்கு அதை எடுத்துப்போகும்போது தேய்ந்துவிடுகிறது.

இன்னொரு புதிர். கேவிட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அதன் அதிர்வெண் ஏறும். ஆகவே நேர்குத்தில் சுருதி குறைவாக வைத்தாலும், ஏதோ ஒரு கோணத்தில் அதிர்வோடு அது ஒத்துப்போய்த்தான் ஆக வேண்டும். இணைவு அங்கே இருக்கிறது. ஆனால் வினை மாறுவதாகச் சொல்லும் சோதனைகள் நேர்குத்தில் ஒத்துப்போகும்போது மட்டும் மாறுவதாகச் சொல்கின்றன. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் கடினமான கேள்வி இதுதான்.

சர்ச்சை இல்லாத பயன் ஏதாவது?

ஆற்றல் கடத்தல். டங்ஸ்டன் ஹெக்ஸாகார்பனைல் என்ற மூலக்கூறையும், அதன் கார்பன்களை 13 நிறை எண் ஐசோடோப்பாக மாற்றிய இன்னொன்றையும் ஒரே கரைசலில் வைத்தால் சாதாரணமாக ஒன்றின் அதிர்வு ஆற்றல் மற்றொன்றுக்கு அவ்வளவாகப் போகாது. 2020-இல் சான் டியாகோ குழு கேவிட்டியை இரண்டுக்கும் பொதுவாக இணைத்து, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் தட்டிப் பார்த்தது. ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது. இங்கே போலாரிட்டானை நேரடியாகத் தூண்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள். இருட்டில் நடக்கும் வினை போல இல்லை, அதனால் இருள் நிலைகளின் தொல்லை குறைவு. இதே குழுதான் மேலே வினை வேக உயர்வு கிடைக்கவில்லை என்று எழுதியது. ஒன்றை மறுத்தவர்கள் எல்லாவற்றையும் மறுப்பவர்கள் அல்ல.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

மொஹாலி ஐசரில் ஜினோ ஜார்ஜ், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனூப் தாமஸ். இருவருமே ஸ்ட்ராஸ்பூர் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள்.

எங்கள் கல்லூரியில் நிறமாலைமானி இருக்கிறது. நாங்கள் பார்க்க முடியுமா?

தாராளமாக. வினை வேகத்துக்குப் போகாதீர்கள், பிளவோடு நில்லுங்கள். திருகு வம்பே வேண்டாம் என்றால் பாலிமர் படலம்தான் எளிது. தங்கம் பூசிய ஜன்னல் வட்டின் மேல் பாலிவினைல் அசிட்டேட் கரைசலைச் சுழற்றிப் பூசி, 2 மைக்ரோமீட்டர் தடிமன் வருமாறு செறிவையும் சுழல் வேகத்தையும் சரிசெய்து, காய்ந்த பின் மேலே மறுபடி 10 நானோமீட்டர் தங்கம். கடையில் வாங்கும் பசைப் பால்மம் சரிப்படாது, அதில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் இருக்கும். தூய பாலிமரை வாங்கி டொலுயீன் போன்ற கரைப்பானில் கரையுங்கள்.

தங்கம் இல்லாத படலம் ஒன்றையும் கட்டாயம் கூடவே செய்யுங்கள். அதில் 1740-இல் ஒற்றைப் பள்ளம் தெரிய வேண்டும். கேவிட்டியில் அதே இடம் மேடில்லாமல் கிடக்க, 1660-க்கும் 1820-க்கும் பக்கத்தில் இரண்டு முகடுகள் எழ வேண்டும். அப்புறம் மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து அளந்துகொண்டே போங்கள். இரண்டு முகடுகளும் நகரும், ஆனால் எந்தக் கோணத்திலும் ஒன்றையொன்று தொடாது. சுழற்சியில் படலம் தடித்துவிட்டால் முகடுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, கீழே இருப்பது ஓங்கி நிற்கும். அப்போது குப்பையில் போடாதீர்கள். அந்த மாதிரிதான் சாய்க்கும்போது சுருதி சேரும்.